தராசு பிடித்த கை

குழந்தையைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தால் கண்ணேறு படும் என்று எண்ணும் பாட்டிமார் நம் நாட்டில் இன்றும் உண்டு. காய்கறியை நிறுக்கலாம், பொன்னை நிறுக்கலாம். பெற்ற பிள்ளையை யாராவது நிறுப்பார்களா என்பது அவர்களுடைய வாதம். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரே நேரில் வந்து ஒரு மணி நேரம் விளக்கினாலும் பாட்டி இசையமாட்டாள். தலையை ஆட்டிவிட்டு, அவர் சென்றதும் குழந்தையின் நெற்றியில் மையை இன்னும் சற்றுப் பெரிதாக இடுவாள். ஆனால் அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், நேற்றுவரை அதே கிணற்றடியில் தண்ணீருக்குக் காத்து நின்றவள், ஒரு நாள் தராசுடன் வாசலில் வந்து நின்று, "என் பிள்ளையையும் இதில்தான் மாதாமாதம் நிறுக்கிறேன், பாட்டி, போன மாதம் எடை ஏறாமல் நின்றது, காய்ச்சலை அதனால்தான் முன்கூட்டியே கண்டுகொண்டேன்" என்று சொன்னால், பாட்டி முணுமுணுத்துக்கொண்டேனும் வழிவிடுகிறாள்.

குழந்தையின் எடை ஏறியதா, இறங்கியதா என்பதைப் பற்றி அறிக்கைகளுக்குக் குறைவில்லை. அந்தத் தராசைப் பிடித்த பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பவர் குறைவு. சென்ற ஐம்பது ஆண்டுகளில் தாய்சேய் நலத்துக்காகவும் ஊட்டத்துக்காகவும் இந்தியாவில் நடைபெற்ற முயற்சிகளுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, எங்கே அப்பெண்ணின் கை வலுப்பெற்றது, எங்கே அக்கையில் சுமை மட்டும் ஏறிற்று என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயின் அளவைத் தெரிந்துகொள்வோம். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பதினைந்து வயது முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகை உடையவர்கள். அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேரே அவ்வாறு இருந்தனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை. 32 பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை.

ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பானை. இருந்தும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இரு மடங்குக்கு மேல் வேற்றுமை. மாதவிடாயாலும் பிள்ளைப்பேற்றாலும் பெண்ணின் இரத்தம் குறைவது இயற்கைதான். குறைந்ததை ஈடு செய்யும் உணவு அவளுடைய தட்டுக்கு வந்து சேராதது இயற்கையன்று. ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, முதியோர் உண்டு, கடைசியாகப் பானையின் அடியில் எஞ்சியதை மருமகள் உண்பது என்னும் வரிசை பல வீடுகளில் எழுதாச் சட்டமாக இருந்து வருகிறது. நாமும் அத்தகைய வீட்டில் வளர்ந்தவர்களே. அம்மா எல்லோருக்கும் பரிமாறியது நினைவிருக்கிறது. அவள் உண்டதை நாம் பார்த்ததாக நினைவில்லை. வயிற்றில் பிள்ளை பெரிதாக வளர்ந்தால் பிரசவம் கடினமாகும் என்று அஞ்சிக் கருவுற்றவளுக்கு உணவைக் குறைப்பது, பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலைக் கெட்டதென்று பிழிந்து ஊற்றிவிட்டுக் குழந்தைக்குத் தேனையோ சர்க்கரை நீரையோ கொடுப்பது ஆகிய வழக்கங்களும் நாட்டின் பல பகுதிகளில் வேரூன்றியிருந்தன.

இவற்றுள் எதையும் மாத்திரையால் தீர்க்க முடியாது என்பது வெளிப்படை. இவை முடிவு செய்யப்படும் இடம் அடுக்களை. அங்கே அரசாணை நுழைவதில்லை, மருத்துவரும் நுழைவதில்லை. நுழையக்கூடியவள் இன்னொரு பெண். அதுவும் அந்த ஊர்ப்பெண்.

இவ்வுண்மையை வேறு எவரையும்விடத் தெளிவாகக் கண்டு செயலில் காட்டியவர்களுள் மருத்துவத் தம்பதியரான ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் ஆரோலே ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். இருவரும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். பின்னர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்று திரும்பி, 1970-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் என்னும் ஊரில் பணி தொடங்கினர். ஜாம்கேட் அந்நாளில் அகமதுநகர் என்றும், 2024 முதல் அகில்யாநகர் என்றும் வழங்கும் மாவட்டத்தில், மழை அரிதாகப் பெய்யும் வறண்ட பகுதியில் உள்ளது.

மருந்துப் பெட்டியுடன் வந்த அவர்களிடம் ஊரார் மருந்து கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார்கள், சோறு கேட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தைக் கொடும் பஞ்சம் வாட்டிய காலம் அது. ஆகவே மருத்துவர்கள் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்ட ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. குழந்தைகளுக்கு ஊர்ப் பொதுச் சமையல் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. கிணறுகள் பல, தீண்டாமைக்கு ஆளான மக்களின் குடியிருப்பில் அமையுமாறு பார்த்துக்கொண்டனர். மேல்சாதியினர் தண்ணீருக்கு அங்கே வந்தாக வேண்டும் அன்றோ! சுகாதாரப் பணிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு, பேதியும் சாதியும் ஒரே தண்ணீரில் வரும் என்பதுதான் விடை.

கிராமங்களுக்குத் துணைச் செவிலியரை அனுப்பிப் பார்த்தனர். அம்முயற்சி வெற்றி பெறவில்லை. நகரத்தில் பயின்ற இளம்பெண், தனியாக ஒரு குக்கிராமத்தில் தங்குவது எளிதன்று. அவளுடைய சொல்லை ஊரார் கேட்பதும் எளிதன்று. அப்போதுதான் ஊர்ப்பெண்களையே தேர்ந்து பயிற்றுவிப்பது என்ற முடிவு பிறந்தது. அவர்களுள் பலர் எழுத்தறியாதவர்கள்; பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்; கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் இருந்தனர். நாற்பது வயதுவரை இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே அழைக்கப்பட்டு, கூட்டத்தில் தம் பெயரைச் சொல்லவே கூசியவர்கள் உண்டு.

இவர்கள் வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து கூடினர். பல சாதியினரும் ஒன்றாக உண்டனர், ஓரறையில் உறங்கினர். பாடத்தில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது என்று நாம் கருதுகிறோம். மற்றப் பாதியில், பேதி கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை எந்த அளவில் கொடுப்பது, கருவுற்றவளிடம் காணும் ஆபத்துக் குறிகள் எவை, தொப்புள்கொடியைத் தூய்மையாக அறுப்பது எப்படி, காசநோயையும் தொழுநோயையும் தொடக்கத்திலேயே கண்டறிவது எப்படி என்பவற்றைக் கற்றனர். கற்றதைப் பாட்டாகவும் கதையாகவும் நினைவில் நிறுத்தினர். அடுத்த வாரம் வரும்போது, தம் ஊரில் என்ன நடந்தது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். மருத்துவரும் அங்கே ஒரு மாணவராக அமர்ந்திருப்பார்.

மருத்துவ அறிவை மறைபொருளாக வைத்துக்கொள்ளாமல் அதைப் பிறர்க்குத் தருவதில் ஆரோலே தம்பதியர் உறுதியாக இருந்தனர் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. பொதுவாகக் கீழ்நிலை ஊழியர்க்கு வேலையைக் கற்றுக்கொடுப்போம். வேலையின் காரணத்தைக் கற்றுக்கொடுக்க மாட்டோம். காரணம் தெரிந்தவளோ ஊர்த்தலைவரிடம் வாதாடுவாள். ஜாம்கேட்டில் அதுவே நடந்தது. பிரசவத்தில் ஓர் உயிரைக் காத்தவள் என்ற பெயர் பரவியபின், அவளைத் தெருவிலேயே நிறுத்தி வைத்த வீடுகள் உள்ளே அழைத்தன. அவளைச் சுற்றி மகளிர் மன்றங்கள் எழுந்தன; அம்மன்றங்கள் கடன் பெற்றன, ஆடு வளர்த்தன, மரம் நட்டன, குடிக்கும் கணவன்மாரைத் தட்டிக் கேட்டன. 1971-இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1990-களின் நடுவில் அந்த எண் முப்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. 1975-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட் ஒரு முன்மாதிரியாக விளக்கப்பட்டது. 1979-இல் அத்தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது. மேபெல் அம்மையார் 1999-இலும் ரஜனிகாந்த் 2011-இலும் மறைந்தனர்.

அதே மாநிலத்தின் கிழக்கு மூலையில் காடு சூழ்ந்த கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மற்றொரு மருத்துவத் தம்பதியர் 1986 முதல் பணியாற்றி வருகின்றனர். கிராமப்பெண்ணின் உடல்நலம் என்றால் பிள்ளைப்பேறும் குடும்பக் கட்டுப்பாடும் மட்டுமே என்று அதிகாரிகள் நினைத்திருந்த காலத்தில், இரண்டு கிராமங்களில் 650 பெண்களைச் சோதித்து அவர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வு ஓர் அதிர்ச்சியாக அமைந்தது. நூற்றுக்கு 92 பெண்களுக்குப் பெண்ணுறுப்பு சார்ந்த நோய் ஏதேனும் இருந்தது. அதற்கு முன் அதற்காக ஒரு முறையேனும் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேரே. மற்றவர்கள் அதைத் தம் விதி என்று தாங்கிக்கொண்டிருந்தனர்.

கட்சிரோலியில் உருவான ஒரு சிறு கருவியைப் பற்றி இங்குச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சின்னக் குழந்தைகளை மாய்க்கும் நோய்களுள் நிமோனியா கொடியது. மூச்சு வேகமாக ஓடுவது அதன் முதல் அடையாளம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையானால் ஒரு நிமிடத்துக்கு அறுபது மூச்சுக்கு மேலும், அதற்கு மேல் ஓராண்டு வரை ஐம்பதுக்கு மேலும் ஓடினால் ஆபத்து. ஆனால் ஊர் மருத்துவச்சிக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. கையில் கடிகாரமும் இல்லை. இதற்கு என்ன செய்வது? ஒரு மணற்கடிகையும் கம்பியில் கோத்த மணிகளும் கொண்ட சட்டம் ஒன்றைச் செய்தனர். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். சின்னஞ்சிறு குழந்தைக்கு ஒரு வரிசை: ஐந்து பச்சை மணி, ஆறாவது சிவப்பு. பெரிய குழந்தைக்கு மற்றொரு வரிசை: நான்கு பச்சை, ஐந்தாவது சிவப்பு. மணல் ஒழுகி முடிவதற்குள் சிவப்பு மணிக்குக் கை சென்றுவிட்டால் மருந்து கொடுத்தாக வேண்டும். எண்ணத் தெரியாதவள் என்று அவளை ஒதுக்காமல், அவளால் எண்ணக்கூடியவாறு நோயை அமைத்துக் கொடுத்த அறிவு அது.

பின்னர் 1990-களின் நடுவில், சில வகுப்பு வரை படித்த கிராமப்பெண்களுக்குப் பச்சிளங்குழந்தையைப் பேணும் முறை முழுவதையும், நச்சுத் தொற்றுக்கு ஊசி போடுவது உட்பட, பயிற்றுவித்தனர். படித்த பெரும்பட்டக்காரர்களுக்கே உரிய ஊசியைக் கிராமத்துப் பெண்ணின் கையில் கொடுப்பதா என்ற எதிர்ப்பு எழுந்தது. 39 கிராமங்களில் நடந்த இம்முயற்சியின் முடிவு 1999-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த நிலை மாறிச் சுமார் 25 ஆகிவிட்டது. எதிர்ப்பு முற்றிலும் அடங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் வீட்டுக்கே சென்று பச்சிளங்குழந்தையைப் பேணும் முறை, ஊசி நீங்கலாக, பிற்காலத்தில் நாடு முழுவதற்குமான திட்டத்தில் இடம் பெற்றது.

தனிப்பட்ட நல்லோர் சிலர் ஒரு மூலையில் செய்து காட்டியதை அரசு நாடு முழுவதும் செய்ய முற்படும்போது என்ன ஆகிறது? 1977 அக்டோபர் 2-ஆம் நாள், ஆயிரம் பேருக்கு ஒருவர் வீதம் சமுதாய சுகாதாரப் பணியாளரை அமர்த்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. மாதம் ஐம்பது ரூபாய் உதவித்தொகை. ஊரே தேர்ந்தெடுக்கும் என்பது ஏட்டில் இருந்த விதி. ஊர் என்றால் யார்? ஊர்ப் பெரியவர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். மருமகளின் சோகையைப் பற்றியோ, தாய்ப்பாலைப் பற்றியோ அவர்கள் எந்த அடுக்களையில் போய்ப் பேசுவார்கள்? 1981-க்குப் பிறகு பெண்களுக்கே முன்னுரிமை என்ற திருத்தம் வந்தது. அதற்குள் திட்டத்தின் உயிர் பெரிதும் போய்விட்டது. ஜாம்கேட்டிலிருந்து வேலையின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலை செய்தவள் யார் என்பதை விட்டுவிட்டால் நேரும் விளைவு இது.

2000-ஆம் ஆண்டில் பிறந்த சத்தீசுகர் மாநிலம் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. அங்கே இரண்டு குடும்பத்துச் சிறுமியர் சடங்கு செய்து வாழ்நாள் முழுவதும் தோழியராகக் கொள்ளும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அவ்வாறு தோழியானவளுக்கு மித்தானின் என்று பெயர். கூடப்பிறந்தவளைவிட அவளுக்கு உரிமை கூடுதல். அந்தப் பெயரையே 2002-இல் தொடங்கிய திட்டத்துக்குச் சூட்டினர். மொழிபெயர்ப்பை வயிற்றுப்பிழைப்பாகக் கொண்ட நமக்கு இத்தகைய பெயரைக் கண்டால் மகிழ்ச்சியும் பொறாமையும் ஒருங்கே உண்டாகும். பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது; தோழி வீட்டுக்குள் வர யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ஒரு கிராமத்துக்கு ஒருத்தி என்றில்லாமல், கிராமத்தின் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒருத்தி என்று மித்தானின்களை அமைத்தனர். ஆதிவாசிக் குடியிருப்புக்கு ஆதிவாசிப் பெண்ணே கிடைக்க இது வழி செய்தது. குழந்தை பிறந்த முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுக்க வேண்டும் என்பதை வீடு வீடாகச் சொன்னவர்கள் இவர்கள். அதோடு நிற்கவுமில்லை. நியாய விலைக் கடையில் அரிசி வராதபோதும், பள்ளியில் மதிய உணவு சரியாக நடக்காதபோதும், மனைவியை அடிக்கும் வீட்டின் வாசலிலும் இவர்கள் போய் நின்றனர். ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசப் புறப்பட்டவள் அரிசியைப் பற்றிப் பேசாமல் எப்படி இருக்க முடியும்? 2005 ஏப்ரலில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது, ஆயிரம் மக்களுக்கு ஒரு பெண் என்று நாடு முழுவதும் அமர்த்தப்பட்ட ஆஷாக்களுக்கு இந்த மித்தானின்களே முன்மாதிரியாக அமைந்தனர். இன்று ஆஷாக்களின் தொகை சுமார் பத்து லட்சம்.

தனி ஒருத்திக்கு அறிவும் மருந்தும் கொடுத்த முயற்சிகள் இவை. மருந்தே இல்லாமல், பெண்கள் கூடிப் பேசியதால் மட்டும் உயிர்கள் பிழைத்த ஒரு முயற்சியும் உண்டு. சத்தீசுகரை அடுத்த ஜார்க்கண்டில், மேற்குச் சிங்பூம் மாவட்டத்துச் சக்கரதர்பூரில் ஏக்ஜுட் என்னும் தொண்டு நிறுவனம் உள்ளது. ஒன்றுபட்டோர் என்பது அச்சொல்லின் பொருள். 2005 முதல் 2008 வரை, ஜார்க்கண்டின் இரண்டு மாவட்டங்களிலும் அடுத்துள்ள ஒடிசாவின் கியோஞ்சரிலும், பெரும்பாலும் ஆதிவாசிகள் வாழும் ஊர்களில் அவர்கள் ஓர் ஆய்வை நடத்தினர். ஊர்களை 36 தொகுதிகளாகப் பிரித்து, பாதித் தொகுதிகளில் மட்டும் மாதம் ஒரு முறை பெண்கள் கூட்டம் நடத்தினர். நடத்தியவள் அந்தப் பகுதிப் பெண், செவிலி அல்லள்.

கூட்டத்தில் என்ன நடந்தது? முதலில் படம் வரைந்த அட்டைகளை வைத்துத் தங்கள் ஊரில் தாய்க்கும் சேய்க்கும் நேரும் கேடுகளைச் சொன்னார்கள். அவற்றுள் எது மிகப் பெரிது என்பதை, அட்டையின்மேல் கூழாங்கல் வைத்து வாக்களித்துத் தீர்மானித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் கல் ஒன்றுதான், ஊர்த்தலைவரின் மனைவிக்கும் கல் ஒன்றுதான். பிறகு ஒரு கதை. ஒரு குழந்தை இறந்தது. ஏன் இறந்தது? தொப்புளில் சீழ் பிடித்தது. ஏன் சீழ் பிடித்தது? அழுக்கு நூலால் கட்டினார்கள். ஏன் அழுக்கு நூல்? முன்னேற்பாடு இல்லை. ஏன் முன்னேற்பாடு இல்லை? பணம் கணவனிடம் இருந்தது. அவன் ஊரில் இல்லை. கேட்க அவளுக்கு வாய் இல்லை. இவ்வாறு ஏன், ஏன் என்று துருவிக்கொண்டே போனால், நோயில் தொடங்கிய பேச்சு வீட்டின் வழக்கத்தில் போய் முடிகிறது. அதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதையும் அவர்களே தீர்மானித்தனர். நூலைக் கொதிக்க வைப்பது, பிரசவம் பார்ப்பவள் கை கழுவுவது, அவசரத்துக்கென்று கூட்டாகச் சிறு தொகை சேர்ப்பது, குழந்தையைத் துடைத்துப் போர்த்துவது முதலியவை அவர்கள் கண்ட வழிகள். இருபது கூட்டங்களில் இந்தச் சுற்று நிறைவெய்தும்.

2010-இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவைப் பார்ப்போம். கூட்டம் நடந்த தொகுதிகளில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு, மூன்றாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 32 பங்கு குறைந்திருந்தது. இறுதி இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 45 பங்கு. மருத்துவமனைக்குச் செல்வது குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. ஆகவே வேறுபாடு வீட்டுக்குள்ளேயே ஏற்பட்டது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. பிரசவித்த பெண்களின் மனச்சோர்வை அளந்தபோது, மொத்தக் காலத்தில் பெரிய மாறுதல் காணப்படவில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டில் நடுத்தர அளவிலான மனச்சோர்வு நூற்றுக்கு 57 பங்கு குறைந்திருந்தது. மாதம் ஒரு முறை வீட்டைவிட்டு வெளியே வந்து, தன்னைப்போன்ற பிற பெண்களுடன் அமர்ந்து, தன் வாயால் ஒரு சொல் சொல்வது பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று நாம் தேடவில்லை.

இதுவரை சொன்னவற்றைப் படித்துவிட்டு, பெண்ணுக்கு எல்லாம் கைகூடிவிட்டது என்று எவரேனும் எண்ணினால் நாம் உண்மையை மறைத்தவர்கள் ஆவோம்.

நம் தொழிலில் அன்றாடம் மொழிபெயர்க்க நேரும் சொற்களுள் ஒன்று எம்பவர்மென்ட். தமிழில் அதிகாரமளித்தல் என்று எழுதி வருகிறோம். எழுதும்போதெல்லாம் ஓர் உறுத்தல். அளித்தல் என்றால் அளிப்பவர் ஒருவர் மேலே இருக்க வேண்டும்; பெறுபவள் கீழே கையேந்த வேண்டும். கூழாங்கல் வைத்து வாக்களித்த பெண்ணுக்கு யார் எதை அளித்தார்கள்? இந்தச் சொல்லையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க இயலாத சொல் மதிப்பூதியம்.

அங்கன்வாடி என்பது 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையம். அங்கன் என்றால் முற்றம். அந்த 33 வட்டாரங்கள் பெருகி, இன்று பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முற்றங்கள் ஆகியுள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பணியாளரும் பெரும்பாலும் ஓர் உதவியாளரும் பெண்கள். குழந்தைகளை நிறுப்பது, சத்துணவு வழங்குவது, கருவுற்றவளைச் சந்திப்பது, பள்ளிக்கு முந்திய கல்வி கற்பிப்பது எல்லாம் அவர்கள் பணி. அவர்கள் அரசு ஊழியர் அல்லர், மதிப்புறு பணியாளர் என்பது விதி. எனவே அவர்கள் பெறுவது ஊதியம் அன்று, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் மத்திய அரசு பணியாளருக்கான இத்தொகையை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாக உயர்த்திற்று. மாநிலங்கள் தத்தம் வசதிக்கேற்ப அதனுடன் சேர்த்து வழங்குகின்றன. ஆஷாவின் நிலை வேறு. அவள் செயற்பாட்டாளர் என்று பெயர் பெற்றவள். செய்த வேலைக்குத் தக்கபடி இவ்வளவு என்று ஊக்கத்தொகை பெறுபவள்.

மதிப்பு மிகுதி, ஊதியம் குறைவு என்பதே அச்சொல்லின் உட்பொருளோ என்று சில வேளை ஐயுறுகிறோம். மதிப்பு உண்மையில் குறைவில்லாமல் வந்துகொண்டிருக்கிறது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டியவர்கள் ஆஷாக்கள். 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அவர்கள் அனைவரையும் ஒருசேரப் பாராட்டி உலகளாவிய விருது வழங்கியது. மூன்றாண்டு கழியுமுன், 2025 பிப்ரவரியில், மதிப்பூதியத்தை உயர்த்துமாறு கேட்டுத் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷாக்கள் அமர்ந்தனர். அந்தப் போராட்டம் பல மாதங்கள் நீடித்தது.

இதைப் பணத்தைப் பற்றிய பூசல் என்று மட்டும் கொள்வது பிழை. ஜாம்கேட்டுப் பெண்களும் பெரிய ஊதியம் பெற்றவர்கள் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் அவர்களுக்கு நேரம் இருந்தது, சிறுதொழில் நடத்தக் கடனுதவி இருந்தது, வாரந்தோறும் அவர்களுடைய சொல்லைக் கேட்க ஒரு சபை இருந்தது. இன்றைய பணியாளரின் நாளைப் பாருங்கள். பதிவேடுகள் பல, 2021 முதல் அவற்றுக்கு மேலாகக் கைப்பேசியிலும் ஏற்ற வேண்டியவை. எடை ஏறாத குழந்தையின் தாயுடன் திண்ணையில் அமர்ந்து, வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், யார் எப்போது உண்கிறீர்கள் என்று கேட்க வேண்டிய அரை மணி நேரம், இணைப்புக் கிடைக்காத கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடிப்பதில் போய்விடுகிறது. எடை மேலிடத்துக்குச் சென்று சேர்கிறது. தாய்க்குச் சேரவேண்டிய சொல் சேர்வதில்லை. எடையின் பொருளைத் தாய்க்குச் சொல்லாமல் எடையை மட்டும் குறித்துக்கொள்வதானால், தராசைப் பற்றிப் பாட்டி கொண்ட ஐயம் நியாயமானதே ஆகிவிடும்.

அங்கன்வாடிப் பணியாளர் சிலர், தங்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று வழக்குத் தொடுத்தனர். குசராத்திலிருந்து வந்த அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அங்கன்வாடி மையங்கள் 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களே என்றும், மதிப்பூதியம் என்று எப்பெயரிட்டு அழைத்தாலும் அச்சட்டத்தைப் பொறுத்தவரை அது ஊதியமே என்றும் நீதிமன்றம் கூறியது. பல ஆண்டுகளாக நம் மேசையில் தீராமல் கிடந்த சொற்சிக்கல் ஒன்றை நீதிபதிகள் தீர்த்துவைத்தனர். தீர்ப்புப் பணிக்கொடையைப் பற்றியதே ஆகும். மாத ஊதியத்தைப் பற்றியும், அரசு ஊழியர் என்ற நிலையைப் பற்றியும் அப்பெண்கள் விடுத்த கோரிக்கைகள் நிலுவையில் உள்ளன. அவை குறித்து நமக்கு மொழிபெயர்க்க வரும் தாள்களில், மதிப்பூதியம் என்ற சொல்லையே இன்னும் எழுதி அனுப்புகிறோம்.